"யார் எண்ணினது?": எம்.டி. எமர்ஜென்சி, இரண்டாவது அட்டெம்ப்ட்

நேற்று சாயங்காலம் ரிசல்ட். பாஸ். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா படுத்துக்கிடந்தேன். பிராக்டிகல் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே கெட ஆரம்பிக்கும் நிலை) பற்றி மட்டும் எழுதுகிறேன், போன தடவை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

போன தடவை லாங் கேஸ், அதாவது ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் பகுதி. அறுபது வயது அம்மா, சர்க்கரை, காலில் புண், காலையில்தான் அட்மிட் ஆனவர், ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, பிபி 110/70, கேட்டால் பதில் சொல்வார், ஆனால் தூங்கித் தூங்கி விழுவார். கேஸ் ஷீட்டில் மூச்சு நிமிடத்துக்கு 20 என்று இருந்தது, அப்படியே ஒப்பித்துவிட்டு "செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று), ஸ்டேபிள் சார்" என்றேன். எக்ஸாமினர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யார் எண்ணினது?"

போய் எண்ணிவிட்டு வரச் சொன்னார். கட்டிலருகே நின்று முழு நிமிடம் எண்ணினேன், 32. திரும்பி வந்தால் அட்மிஷன் ஏபிஜியை (தமனி ரத்தப் பரிசோதனை) நீட்டுகிறார், லாக்டேட் 4.6, திசுக்கள் திணறும்போது ரத்தத்தில் ஏறுவது. அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் உளறல்தான்.

எந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும் எல்லோருக்கும் மூச்சு 18 இல்லை 20, யாரும் எண்ணுவதில்லை, நானும்தான். உடம்பில் அமிலம் சேர்ந்தால் மூச்சைக் கூட்டித்தான் ஈடுகட்டும், பிபி விழுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரும். அதனால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் எண்ணுங்கள்.

இந்தத் தடவை வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வந்தவை:

- க்யூசோஃபா, செப்சிஸ் ஆபத்தைக் கட்டிலருகே கணிக்கும் ஸ்கோர். மூச்சு 22 அல்லது மேலே, சிஸ்டாலிக் (மேல் பிபி) 100 அல்லது கீழே, நினைவு மாற்றம் என்று ஒப்பிப்பதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். அதை மட்டும் வைத்து ஸ்கிரீன் பண்ண வேண்டாம் என்கிறது 2021 சர்வைவிங் செப்சிஸ் என்ற சர்வதேச வழிகாட்டல்.
- செப்டிக் ஷாக். போதுமான திரவம் கொடுத்தும் மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 65-ஐப் பிடிக்க வாசோபிரஸர் (பிபி ஏற்றும் மருந்து) வேண்டும், லாக்டேட்டும் 2-க்கு மேல். பாதிப் பேர் 4 என்கிறார்கள்.
- ஆன்டிபயாடிக். ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். ஷாக் இல்லை, செப்சிஸா என்பதே சந்தேகம் என்றால் வேகமாகப் பார்த்து மூன்று மணி நேரத்துக்குள் முடிவு. கல்சருக்கு (கிருமி எது என்று பார்க்க) ரத்தம் எடுப்பது முதலில், ஆனால் அதற்காக மருந்து காத்திருக்கக் கூடாது.
- திரவம். கிலோவுக்கு 30 மில்லி, 50 கிலோ என்றால் 1500, ரிங்கர் லாக்டேட். மொத்தமாக ஊற்றாமல் 500-க்கு ஒருமுறை நுரையீரலைக் கேட்பேன் என்றேன், எக்ஸாமினர் தலையாட்டினார்.
- காய்ச்சல் கேஸ் என்றால் எஸ்கார், அதாவது பூச்சி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே துணியை விலக்கிப் பாருங்கள். நம் ஊரில் ஸ்க்ரப் டைஃபஸை (சிறு உண்ணிப்பூச்சியால் வரும் காய்ச்சல்) தவறவிட்டு டாக்சிசைக்ளின் கொடுக்காமல் போனால் மன்னிக்கவே மாட்டார்கள்.

பிபி ஏற்றும் நார்அட்ரினலினின் கணக்கைத் தாளில் போடச் சொன்னார் எக்ஸாமினர். 50 மில்லியில் 4 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 80 மைக்ரோகிராம். 50 கிலோவுக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேகம் என்றால் நிமிடத்துக்கு 5, மணிக்கு 300 மைக்ரோகிராம், ஆக மணிக்கு 3.75 மில்லி. நான் மெதுவான ஆள், அவசரப்பட்டால் புள்ளி இடம் மாறிவிடும், அதனால் இதை மட்டும் இருபது தடவை எழுதிப் பார்த்திருந்தேன். சென்ட்ரல் லைன் (பெரிய நாளத்தில் போடும் குழாய்) வரும்வரை காத்திருப்பீர்களா என்றார். இல்லை சார், முழங்கைப் பக்கம் நல்ல வெயினில் இப்போதே ஆரம்பிப்பேன், கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றேன்.

போனை உள்ளே விடமாட்டார்கள். மூச்சு எண்ண வினாடி முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், என்னுடையது பஸ் ஸ்டாண்ட் கடையில் 350 ரூபாய்.