தண்ணீர் புகாத இரண்டு சாண்

ஜனவரி 5, 2025

பொங்கலுக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வர நினைத்தேன், வந்துவிட்டேன். ரிமோட்டில் ஓடும் என் நீர்மூழ்கி மாதிரிக்கு, தண்ணீர் புகாத சிலிண்டரை வாங்கப் போவதில்லை. நானே செய்யப் போகிறேன்.

செய்துகொண்டிருப்பது குர்சுரா நீர்மூழ்கியின் சிறு உருவம். 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-ல் ஓய்வு பெற்று, இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறதே, அதே கப்பல்தான். அக்கா குடும்பத்தோடு போனபோது அதன் வயிற்றுக்குள் நடந்து பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த ஆசை இது. நிஜக் கப்பல் 91 மீட்டர் சொச்சம் நீளம், ஏழரை மீட்டர் அகலம். நூறில் ஒன்றாகக் குறைத்தால் 91 செ.மீ. நீளம், ஏழரை செ.மீ. அகலம். ஃபைபர் உடலைக் குளச்சலில் வள்ளம் செய்கிற நண்பர் ஒருவர் அச்சில் போட்டுத் தந்துவிட்டார்.

அந்த உடலுக்குள் தண்ணீர் தாராளமாகப் போய் வரும். மோட்டார், பேட்டரி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ எல்லாம் நடுவில் படுத்திருக்கும் 45 செ.மீ. குழாய்க்குள் இருக்கும். அதுதான் சிலிண்டர். தண்ணீர் புகக் கூடாத இடம் அந்த இரண்டு சாண் மட்டும்தான்.

வெளிநாட்டில் இதை ரெடிமேடாக விற்கிறார்கள். வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் என் கடையின் மாத வாடகையைத் தாண்டுகிறது. அதைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. மார்த்தாண்டத்தில் பதினெட்டு வருஷமாக மோட்டார் வைண்டிங் செய்கிறேன். போர்வெல் மோட்டாரில் பெரும்பாலும் உள்ளே தண்ணீரை நிரப்பியே இறக்குகிறோம். கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதால் அது நனைந்தபடியே ஓடும். தண்ணீரோடு ஒத்துப்போகிற வேலைதான் எனக்குப் பழக்கம். தண்ணீரை வெளியே நிறுத்துகிற வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 12

63 மி.மீ. பி.வி.சி. குழாயை அறுத்து எடுத்தேன். வெர்னியரில் உள்விட்டம் 57 மி.மீ. அளவைக் கோட்டாற்று லேத் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். நைலான் ராடில் இரண்டு மூடி கடைந்து, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் உட்காரச் சுற்றிலும் ஒரு காடி, அதாவது பள்ளம், போட்டுத் தரச் சொன்னேன். "என்ன மக்கா, புது மாடல் பம்பா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

ஜனவரி 19

உள்ளே எதுவும் வைக்காமல் பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டு, மூடியை அடைத்து, துணி ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டியில் ஒரு அடி ஆழத்தில் அமுக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் பேப்பர் கூழாகிவிட்டது.

மூடியில் குறை இல்லை. குழாயில்தான். திருப்பித் திருப்பி அளந்தபோது ஒரு பக்கம் 57, குறுக்கே 58. கட்டடத்துக்கு விற்கும் குழாய் அச்சு வட்டமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் ஒரே ஒரு இடத்தில் அளந்துவிட்டு நம்பினேன். இந்த அளவில் ஓ-ரிங்குக்கு 0.6 மி.மீ. நசுக்கல் வேண்டும். குழாய் அகன்ற பக்கத்தில் அரை மி.மீ. போய்விட்டால் மிச்சம் 0.1 மி.மீ. ரப்பர் சும்மா தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

சிலிகான் பசையால் மூடியை ஒட்டிவிடு, வேலை முடிந்தது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். ஒட்டினால் பேட்டரியை எப்படி மாற்றுவது? திறந்து மூட வேண்டும், மூடினால் நிற்கவும் வேண்டும்.

ஜனவரி 27

அக்ரிலிக் குழாய் வந்தது. வெளிவிட்டம் 60, உள்விட்டம் 54. எட்டுத் திசையிலும் அளந்தேன், எங்கேயும் 0.1-க்கு மேல் வித்தியாசம் இல்லை. இதில் இன்னொரு லாபம், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் வந்த துண்டு வீணாகிவிட்டது. ஒட்டியிருந்த லேபிள் பசையைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். மறுநாள் முடி போல விரிசல்கள். அக்ரிலிக்குக்குத் தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும்.

காடிக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். ஓ-ரிங் தடிமன் 3 மி.மீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும், ஆகவே ரப்பருக்குக் கிடைக்கும் உயரம் 2.4. 54-லிருந்து இரண்டு பக்கத்துக்கும் 4.8 கழித்தால் காடியின் அடிவிட்டம் 49.2. ஓ-ரிங்கின் உள்விட்டம் 48 வாங்கினால் லேசாக விரிந்து இறுக்கமாக உட்காரும். காடியின் அகலம் 4 மி.மீ. இருக்கட்டும், 3 வைக்காதீர்கள். ரப்பரை நசுக்கலாம், சுருக்க முடியாது. மேலே அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும், அதற்கு இடம் வேண்டும். குழாயின் உள்விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து மழுக்கவும் வேண்டும். கூர்மையாக விட்டால் மூடியைத் தள்ளும்போதே ரப்பரைச் சீவிவிடும்.

அண்ணாச்சி மூன்று தடவை கடைந்தார். மூன்றாவது மூடி கையில் கனமாக, வழுக்கிக்கொண்டு, கடைசி அரை அங்குலத்தில் எதிர்ப்புக் காட்டி உள்ளே போனது. கையை எடுத்ததும் உள்ளே அடைபட்ட காற்று அதைத் திரும்ப வெளியே தள்ளிவிட்டது. "சீல் பிடிச்சாச்சு மக்கா!" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். மூடியில் ஒரு சைக்கிள் வால்வு வைத்தால் அடைக்கும்போது காற்றை விடலாம், சோதிக்கும்போது காற்றை ஏற்றலாம்.

பிப்ரவரி 9

குர்சுரா ஃபாக்ஸ்ட்ராட் வகைக் கப்பல், அந்த வகைக்கு மூன்று விசிறி. அப்படியானால் மூடியில் விசிறியைச் சுற்றும் தண்டுக்கு, அதாவது ஷாஃப்டுக்கு, மூன்று துளை, மூன்று சீல். ஒவ்வொரு துளையும் ஒரு கவலை. ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி தோன்றியது: பல்சக்கரங்கள் நனைந்தால் என்ன? மூடி வழியாக ஒரே ஒரு 4 மி.மீ. ஷாஃப்டை வெளியே எடுத்து, தண்ணீர் நிற்கும் பகுதியில் நைலான் பல்சக்கரம் வைத்து மூன்றாகப் பிரித்துவிடலாம். நடு ஷாஃப்ட் ஒரு பக்கம் சுற்றினால் பக்கத்து இரண்டும் எதிர்ப்பக்கம் சுற்றும், அதற்கேற்ற இடக்கை விசிறி தேவை. மூன்று கவலை ஒன்றாகக் குறைந்தது.

சுற்றும் ஷாஃப்டை ரப்பர் உதட்டால் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீலைப் பொருத்தும்போது மருமகன் பக்கத்தில் இருந்தான், ஏழாம் வகுப்பு. "எந்தப் பக்கம் வெளியே மாமா?" என்று கேட்டான். சரியான கேள்வி. ஸ்பிரிங் தெரியும் பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் அழுத்த அழுத்த உதடு ஷாஃப்டை இறுகப் பிடிக்கும். திருப்பிப் போட்டால் அதே தண்ணீர் உதட்டைத் தூக்கிவிடும்.

பிப்ரவரி 16

சுக்கானுக்கும் பின்பக்கத் துடுப்புக்கும் முன்னும் பின்னும் போய் வரும் கம்பி இரண்டு. இதற்கு ஓ-ரிங் போட்டால் சர்வோ திணறுகிறது. கம்பியோடு நீண்டு சுருங்கும் மடிப்பு உறையான ரப்பர் துருத்தி போட்டால் உரசலே இருக்காது. துருத்திக்கு ரப்பர் தேடி எங்கே போக வேண்டும், நாம் இருப்பதே ரப்பர் நாடு. குலசேகரத்தில் தெரிந்த யூனிட்டிலிருந்து ஒரு சோடா பாட்டில் நிறைய ரப்பர் பால் கிடைத்தது. மரத்திலிருந்து வடித்த பச்சைப் பால் அல்ல. அது காய்ந்தால் ஒட்டும், சீக்கிரம் இற்றுவிடும். இது கந்தகம் சேர்த்து முன்பே பக்குவம் செய்தது.

அண்ணாச்சி கடைந்து தந்த வளைய வளையமான குச்சியை நான்கு முறை முக்கிக் காயவைத்து, பவுடர் போட்டு உரித்தோம். குழந்தை விரல் அளவில் இரண்டு துருத்தி. ரப்பர் பாலின் அமோனியா வாசத்துக்கு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போகச் சொன்னாள்.

பிப்ரவரி 19

துருத்தி இரண்டும் ஊதிக் கொழகொழவென்று கிடக்கின்றன. காரணம் என் கைப்பழக்கம். கடையில் எதை மாட்டினாலும் விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துத் தடவுவேன், அதே போலத் தடவிவிட்டேன். ஓ-ரிங் நைட்ரைல் ரப்பர், அதற்குப் பெட்ரோலிய கிரீஸ் ஒன்றும் செய்யாது. மரத்து ரப்பர் அதைக் குடித்து வீங்கிவிடும். இனி சிலிண்டர் பக்கம் சிலிகான் கிரீஸ் மட்டும்தான். பழைய டப்பாவைப் பட்டறையின் அந்த மூலைக்கு மாற்றிவிட்டேன். புதுத் துருத்தி முக்கியாகிவிட்டது.

மார்ச் 2

மூழ்குவதற்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே எடுக்க வேண்டும்? நிஜக் கப்பலின் எடை மேலே மிதக்கையில் சுமார் 1,950 டன், மூழ்குகையில் சுமார் 2,475 டன். வித்தியாசம் 525. நூறில் ஒன்று என்றால் கன அளவில் பத்து லட்சத்தில் ஒன்று, அதாவது 525 கிராம். சிலிண்டரில் பாதி இடத்தை அதுவே பிடித்துவிடும் என்று சோர்ந்துபோனேன்.

அது தவறான கணக்கு. உடலுக்குள் நிற்கும் தண்ணீர் கப்பல் எழும்பும்போது தானாக வடிந்துவிடும், அதை நாம் தூக்க வேண்டியதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஃபைபரின் கன அளவை மட்டும் ஈடுகட்டினால் போதும். மேல்தளத்தையும் கோபுரத்தையும் அளவுச் சாடியில் முக்கிப் பார்த்தேன், 120 மி.லி. சிலிண்டரின் முதுகு கொஞ்சம் வெளியே தெரியும், அதற்கு ஒரு 25. ஆக 150 வைத்துக்கொண்டேன். ரப்பர் குழாயை நசுக்கி நசுக்கித் தண்ணீரைத் தள்ளும் ஒரு சின்ன பம்ப், ஒரு குளுக்கோஸ் பை. பம்ப் தண்ணீரை உள்ளே இருக்கும் பையில் ஏற்றும், திரும்ப இறக்கும்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை. உள்ளே வெற்றிடம் 650 மி.லி. அதில் 150 மி.லி. தண்ணீர் ஏறினால் மிச்சக் காற்று இறுகி, அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ கூடும். மூன்று மீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம் அவ்வளவுதான். நான் ஒரு மீட்டருக்குக் கீழே போகப் போவதில்லை. ஆகவே மூழ்கியிருக்கும்போது எங்கேயாவது ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே வராது, குமிழி வெளியே போகும். அதே காற்று மூடியை ஏழு கிலோ பலத்தில் வெளியே தள்ளும் என்பதால் மூன்று நீளக் கம்பி போட்டு இரண்டு மூடிகளையும் சேர்த்து முடுக்கிவிட்டேன்.

மார்ச் 9

இன்றைக்கு ஒரு புதிர். காலையில் தொட்டியில் ஒரு அடி ஆழம், அரை மணி நேரம், பேப்பர் மொடமொடவென்று இருந்தது. மதியம் அதே தொட்டி, அதே ஆழம், உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர்.

சாயா குடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா கழுவிய சுடு தம்ளரைத் தட்டில் கவிழ்த்தாள். தட்டோடு ஒட்டிக்கொண்டது. அதுதான் விடை. மதியம் குழாயை மாடி வெயிலில் திறந்து காயவைத்திருந்தேன், சுடச்சுட மூடிவிட்டேன். உள்ளே காற்று 50 டிகிரியாவது இருந்திருக்கும். தொட்டித் தண்ணீரில் 27-க்கு இறங்கினால் அழுத்தம் நூற்றுக்கு ஏழு குறையும். முக்கால் மீட்டர் ஆழம் கூடியது போலத்தான். சிலிண்டர் தானே தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது.

இனி நிழலில்தான் மூடுவது. வால்வைத் திறந்தபடி கழுத்து வரை தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்து, குளிர்ந்த பிறகே அடைப்பது. அப்புறம் சைக்கிள் பம்பில் மெதுவாக இரண்டு அழுத்து அழுத்தி முக்கினேன். சுக்கான் துருத்தியின் கிளிப் அடியிலிருந்து கடுகு போலக் குமிழிகள். உறிஞ்சியது சூடு, வழிவிட்டது அந்தக் கிளிப். கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

மார்ச் 13

"குளச்சல்ல விடலாமா மாமா?" கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் முடியாது என்று மருமகனுக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் தண்ணீருக்குள் வேலைக்கே ஆகாது. அதனால்தான் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டைத் தேடி வாங்கினேன். அது குளத்து நீரில் போகும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் நான்கு செ.மீ.க்குள்ளேயே அலையின் வலு மூன்றில் ஒன்றாகிவிடும்.

நிஜ நீர்மூழ்கிகளுக்கு எப்படிச் செய்தி போகிறது என்று கேட்டான். பக்கத்து மாவட்டத்தில், விஜயநாராயணத்தில் நிற்கிற அந்த உயரமான கோபுரங்களைச் சொன்னேன். கட்டபொம்மன் பெயர் கொண்ட கடற்படைத் தளம், 1990-ல் தொடங்கியது. 18.2 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. அவ்வளவு தாழ்ந்த அலை கடலுக்குள் சில மீட்டர் இறங்கும். திருநெல்வேலிக்குப் போகும்போது பஸ்ஸில் இனி அவன் தூங்க மாட்டான்.

மார்ச் 23

தேரூர்க் குளத்துக்குப் போகலாம் என்றான். வேண்டாம் என்றேன். பறவைகளுக்கான இடம் அது, சுசீந்திரமும் தேரூரும் 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. தக்கலைப் பக்கம் ஒரு சின்னக் குளம். சானலில் தண்ணீர் நிறுத்தியிருந்ததால் கரையோரம் நெஞ்சளவு ஆழம்தான், தெளிவாகவும் இருந்தது.

சிலிண்டர் வெளியே தள்ளும் தண்ணீர் 1,272 மி.லி. சிலிண்டரின் எடை அதற்குக் குறைந்த அளவை ஈடுகட்ட, வலைக்கடையில் வாங்கிய ஈயத்தை அடியில் வரிசையாக வைத்திருந்தேன். வாலில் தங்கூசி நரம்பு கட்டி நுனியில் தெர்மாகோல் துண்டு, தொலைந்தால் தேட. அண்ணாச்சியும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

பம்பை ஓட்டினேன். மேல்தளம் நனைந்தது, கோபுரம் மட்டும் நின்றது, பிறகு அதுவும் இல்லை. தெர்மாகோல் துண்டு மட்டும் தண்ணீர் மேல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. பன்னிரண்டு நிமிஷம் கழித்து பம்பைத் திருப்பினேன். அல்லிக் கொடிக்கு இரண்டு அடி தள்ளி கோபுரம் எழுந்தது. மருமகன் சட்டையோடு குளத்தில் குதித்துவிட்டான்.

ராத்திரி நிழலில் உலர்த்தித் திறந்தேன். பேப்பர் முழுக்கக் காய்ந்திருந்தது, ஓரத்தில் தேதியைப் படிக்க முடிந்தது. பின்மூடிப் பக்கம் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு ஈரம். பென்சிலால் வட்டம் போட்டு, மூடியோடு ஒத்து வைத்துப் பார்த்தேன். சுக்கான் கம்பிக்கு நேர் கீழே. கிளிப்புக்குப் பதில் பித்தளையில் ஒரு வளையம் கடைய வேண்டும், உள்விட்டம் 6.5. செவ்வாய்க்கிழமை கோட்டாறு போகிறேன்.