மற்ற நாளில் என்ன வேலை?

சென்ற வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "நன்றாக வாசித்தீர்கள் தம்பி. மற்ற நாளில் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். "இதுதான் ஐயா வேலை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரசத்துக்குக் காத்திருந்தார். அந்தக் கேள்வி வீடுவரை என்னுடன் வந்தது.

நான் நாகசுவரம் வாசிக்கிறவன். ஊரில் எங்களை நாயனக்காரர் என்பார்கள். இருபத்தேழு வருடமாக இதில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கையில் காசு இறுகும். சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, மட்டும் நிற்காது. மார்கழி விடியலில் கோயிலில் பூபாள ராகம் வாசிக்கும்போது எதிரே இருப்பது விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் ஒரு பாட்டி மட்டும்தான். அங்கே ஒரு பிடி, அதாவது ராகத்தின் ஒரு சிறு சுரக்கோவை, தவறினால் கேட்க ஆளில்லை. அங்கே தவறினால்தான் எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்காது.

முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியோடு போய்விடும். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது அது. வாயில் வைத்து நனைத்து, குச்சியை விட்டு அதன் வாயை விரித்து, ஊதிப் பார்த்து, மறுபடி நனைக்க வேண்டும். காய்ந்தால் பேசாது, மிஞ்சி நனைந்தால் சுருதியில் நிற்காது. ஐந்தாறு சீவாளி தயார் செய்தால் இரண்டை நம்பி எடுத்துப் போகலாம்.

மண்டபத்தில் அறுநூறு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தோடி ராகத்தில் ஒரு பிடியைத் தொட்டு, அது மெல்ல மேலே ஏறி, இன்னும் இரண்டு மூச்சில் வந்து சேரப்போகிறது. கண் மட்டும் புரோகிதரின் கையை விட்டு நகராது. அவர் விரலைத் தூக்கிய நொடியில் தோடியை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளம். பக்கத்தில் தவில்காரர் அதற்குள் இறங்கியிருப்பார். அந்தப் பிடி என்னுடையதுதான், ஆனால் அந்த நொடி மணமக்களுடையது. தொழில்முறைக் கலைஞன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளும் துணிவு எனக்கு அங்கேதான் வந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பேசிய தொகையில் கால்பங்கைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, "கலைக்கு விலை பேசலாமா?" என்றார்கள். பேசத்தான் வேண்டும். அந்தப் பணத்தில் நாங்கள் ஐந்து பேர் பங்கு பிரிக்கிறோம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறவரின் கூலியும் எங்கள் கூலியிலிருந்துதான் போகிறது. அந்த நாகசுவரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் வாசிக்கிறவன் வாங்கினால்தானே செய்கிறவர் பட்டறையைத் திறப்பார்? நாகசுவர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தமக்குரிய மரியாதையில் ஒரு துளியும் விட்டுக்கொடுத்தவர் இல்லை. அவர் 1956-இல் மறைந்தார். அவர் நிமிர்ந்து நின்றதால்தான் நாங்கள் இன்று மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறோம் என்று நான் நம்புகிறேன்.

நாளை மயிலாடுதுறையில் முகூர்த்தம், ஆறு மணிக்கு. மூன்றரைக்கு வேன் வந்துவிடும். புதுச் சீவாளி ஒன்று இன்னும் மேல்ஸ்தாயியில் பிடி கொடுக்கவில்லை. மனைவி வெந்நீர் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் இன்னும் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து ஊதிப் பார்க்கப்போகிறேன்.