எங்கிருந்து எண்ணினீர்கள்?

எம்ஆர்ஐயில் கழுத்தைப் படமெடுத்தால் மண்டையோட்டின் அடிப்பகுதியும், இடுப்பைப் படமெடுத்தால் திரிகமும் (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) உடன் தெரிவதால், எந்த முள்ளெலும்பு எது என்று சொல்வது பெரும்பாலும் எளிது. நடு முதுகில் அத்தகைய பிடிமானம் எதுவும் இல்லை. அங்கே 12 முள்ளெலும்புகள் ஏறக்குறைய ஒரே சாயலில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

எம்ஆர்ஐ பிரிவில் சேர்ந்த புதிதில், தண்டுவடத்தை ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்த ஒருவரின் படத்தில், பன்னிரண்டாம் முள்ளெலும்போடு இணையும் கடைசி விலா எலும்பை அடையாளமாகக் கொண்டு கீழிருந்து மேலே எண்ணி, கட்டி இருந்த இடத்தை நடு முதுகின் எட்டாவது முள்ளெலும்பு என்று குறியிட்டேன். கதிரியக்க மருத்துவர், "எங்கிருந்து எண்ணினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நல்லவேளையாக நோயாளி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவரை மீண்டும் படுக்கவைத்து, கழுத்தையும் சேர்த்து ஒரு நீண்ட படம் எடுத்து, பல் போன்ற நீட்சியால் எளிதில் அடையாளம் தெரியும் இரண்டாம் கழுத்து முள்ளெலும்பிலிருந்து கீழே எண்ணியபோது, அது நடு முதுகின் ஏழாவது என்று தெரிந்தது. அவருடைய பன்னிரண்டாம் விலா எலும்பு மிகச் சிறியதாக இருந்ததால் நான் அதைக் கவனிக்கத் தவறி, பதினொன்றைப் பன்னிரண்டாகக் கொண்டிருந்தேன். அந்தக் குறியை நம்பி அறுவை மருத்துவர் தவறான இடத்தைத் திறந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

நடு முதுகின் மற்றொரு சிக்கல், அதன் முன்னே ஓயாமல் அசையும் இதயமும் பெருந்தமனியும் நுரையீரலும். அவற்றிலிருந்து வரும் சிக்னலை அடக்க, முள்ளெலும்புகளுக்கு முன்புறம் ஒரு சாச்சுரேஷன் பேண்டை, அதாவது தன் பரப்பிலிருந்து சிக்னல் வராதபடி செய்யும் பட்டையை, வைக்கிறோம். பக்கவாட்டுப் படங்களில் ஃபேஸ் திசையை (அசைவின் நிழல்கள் பரவும் திசையை) தலை–கால் வாக்கில் மாற்றினால், அசைவின் நிழல்கள் தண்டுவடத்தின் குறுக்கே விழுவது குறைகிறது. இவ்வளவு செய்தாலும், துடித்து ஓடும் தண்டுவட நீர், நீரை வெண்மையாகக் காட்டும் டி2 வகைப் படங்களில் தண்டுவடத்தின் பின்னே கருந்திட்டுகளை விட்டுச்செல்லும். அவற்றை வீங்கிய இரத்தக்குழாய்கள் என்று எண்ணி நான் பதறியதுண்டு. குழாயானால் அதற்குத் தெளிவான விளிம்பும் வளைந்து செல்லும் பாதையும் இருக்கும். நீரோட்டத்தின் நிழலோ விளிம்பு மங்கி, வேறு வகைப் படத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அறுவை அரங்கில் எக்ஸ்ரே கருவியின் உதவியோடு மருத்துவர் மறுபடியும் எண்ணுவார் என்பது உண்மைதான். ஆனால் அவரும் நாங்களும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால்தான் இரு எண்களும் பொருந்தும். அதனால் அந்த நாளுக்குப் பிறகு, கழுத்து தெரியும் நீண்ட படம் இல்லாமல் எந்த நடு முதுகுப் பரிசோதனையையும் நான் முடித்ததில்லை. படத்தின் ஓரத்தில், எந்த முள்ளெலும்பிலிருந்து எண்ணினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.