காசு கட்டி இன்டர்ன்ஷிப் போக வேண்டாம்

மார்ச் பிறந்தால் போதும், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளோ கல்லூரி ஜூனியர்களோ யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவார்கள். "அண்ணா, சம்மர் லீவுக்கு எங்கயாவது இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" கூடவே ஒரு போஸ்டரும் வரும். ஒரு மாதம், ஆன்லைன், பணம் கட்டினால் சர்டிபிகேட், சேரலாமா என்று. வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வேலை கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளை எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பொறியியல் மாணவர்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது, நோக்கம் நல்லதுதான், ஆனால் பல கல்லூரிகள் சர்டிபிகேட்டைக் கேட்கின்றனவே தவிர போவதற்கு ஓர் இடத்தைக் காட்டுவதில்லை. முன்பு மாணவர்களுக்குக் காசுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுத்த ப்ராஜெக்ட் சென்டர்களின் வியாபாரத்தை இப்போது இந்த போஸ்டர்காரர்கள் செய்கிறார்கள்.

இடம் நிறைய இருக்கிறது. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள், ஓசூர், கோவை குறிச்சி சிட்கோ என்று நம் ஊர்களிலேயே எத்தனையோ சின்ன கம்பெனிகள். கோவையில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் மெக்கானிக்கல் மாணவன் ஒரு மாதம் நின்றால், வார்ப்பு ஏன் ரிஜெக்ட் ஆகிறது, அச்சு மணலில் ஈரம் கூடினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிடுவான். வெறுமனே "இன்டர்ன்ஷிப் வேணும் சார்" என்று போய் நிற்பதைவிட, "உங்க ரிஜெக்‌ஷனை ஒரு மாசம் தினமும் கணக்கெடுத்து எழுதித் தர்றேன்" என்று கேட்டால் முதலாளி உட்கார வைத்துப் பேசுவார். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் ஷாப் ஃப்ளோரில் பையனுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பயத்தில்தான் பலர் முடியாது என்கிறார்கள்.

பி.காம் பிள்ளைகளுக்கு இதைவிட எளிது. பக்கத்தில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போங்கள். ஜூன், ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் வேலை குவிந்து கிடக்கும், மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்கான ஓட்டம் வேறு, கூட ஓர் ஆள் இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி. பில்களைப் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடுவதில் தொடங்கினாலும், ஒரு கடையின் கணக்கு முழுதாக எப்படி முடிகிறது என்பது பிடிபட்டுவிடும்.

அறிவியல் படிப்பவர்களுக்கு மார்ச் கொஞ்சம் தாமதம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பில் உதவித்தொகையோடு இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருக்கலாம், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். அப்புறம், பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2024-ல் தொடங்கியபோது அது மாதம் 5,000 ரூபாய் தரும் 12 மாதத் திட்டம், முழுநேரம் படிப்பவர்களுக்குக் கிடையாது என்று விதியும் இருந்தது. கோடை விடுமுறைக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வேலையில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ரெஸ்யூமே அனுப்பு, ஹெச்ஆர்கிட்ட கொடுக்கிறேன்" என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். சின்ன கம்பெனியில் ஹெச்ஆரே இருக்க மாட்டார். நேராக சூப்பர்வைசரிடம் பேசி, பஸ் காசும் மதியச் சாப்பாடுமாவது கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெண் பிள்ளை என்றால் அவள் அப்பா அம்மாவுக்கும் ஒரு போன் போட்டு, இடம் எங்கே, எத்தனை மணிக்கு விடுவார்கள், கூட வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா என்று சொல்லிவிடுங்கள். இடம் கிடைத்தும் வீட்டில் அனுப்பாததால் வீணாவது நிறைய நடக்கிறது, அந்த ஒரு போனில் பெரும்பாலும் சரியாகிவிடும்.