பிளாஸ்டிக் செங்கல் டப்பா

சித்திரைப் பொருட்காட்சிக்கு மதுரைத் தமுக்கம் மைதானம் போனால் எனக்கு ராட்டினமும் வேண்டாம், டெல்லி அப்பளமும் வேண்டாம். பிளாஸ்டிக் செங்கல் டப்பா ஒன்று போதும். அப்பா பேரம் பேசி வாங்கித் தருவார். நானும் தம்பியும் கட்டியதெல்லாம் கோபுரம்தான்! மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம்போல ஒன்பது நிலை எழுப்பிவிட வேண்டும். மேலே போகப் போகச் சுருங்க வேண்டுமே, சண்டை அங்கேதான் தொடங்கும். மஞ்சள் கட்டை எப்போதும் பற்றாது.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த குமிழ்க் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகிறது. என்ன அழகான பிடிவாதம்! மேலே எட்டுக் குமிழ்கள் கொண்ட கட்டைகள் ஆறே இருந்தால் 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம். அப்படியிருக்க, படத்தைப் பார்த்து ஒரே காரை மட்டும் கட்டச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றோர்களே, அந்தப் படத்தாளை எடுத்து வைத்துவிட்டுக் கட்டைகளைத் தரையில் கொட்டிவிடுங்கள்.