ஒரு தங்கப் பொட்டுகூட விழலீங்க

மலேரியா ஒட்டுண்ணியான பால்சிபாரத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படம் என்னமோ அருமையாத்தான் வந்தது. அதன் ராப்ட்ரி (நுனியிலுள்ள பை), உணவுக்குமிழி, சவ்வு எல்லாம் எண்ணிவிடலாம். ஆன்டிபாடி வழியாக ஒட்டி, தேடிப்போன புரதத்தைக் காட்ட வேண்டிய 10 நானோமீட்டர் தங்கப் பொட்டு மட்டும் எங்கேயும் இல்லை.

தப்பு சென்னையிலுள்ள மைக்ரோஸ்கோப்பில் இல்லை, செல்லைப் பதப்படுத்திய கோயமுத்தூரிலேயே நடந்துவிட்டது. உருவம் மட்டும் பார்க்கப் போடும் 2.5% குளுட்டரால்டிஹைடு, அதற்குமேல் சவ்வைக் கறுப்பாகக் காட்டும் ஆஸ்மியம். புரதம் இறுகிச் சிதைந்து, ஆன்டிபாடிக்குப் பிடிக்க இடமே இல்லாமல் போயிற்று. அடுத்த முறை அன்றன்று கரைத்த 4% பாராபார்மால்டிஹைடு, 0.1% குளுட்டரால்டிஹைடு, ஆஸ்மியம் கிடையாது. சவ்வு வெளிறித்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்க.

சிவப்பணுவில் ஒட்டுண்ணி வளர்த்த கல்ச்சரை அப்படியே அனுப்பாதீங்க. நூறு செல்லில் ஐந்தில்தான் ஒட்டுண்ணி என்றால், மீதியை வெட்டுவது தண்டம். காந்தக் குழாயில் (காலம், column) ஓட்டினால் ஹீமோசோயின் (ஒட்டுண்ணி ரத்தத்தைத் தின்று மிச்சம் விடும் இரும்புப் படிகம்) சேர்ந்த முதிர்ந்தவை தங்கிவிடும். இளசான வளைய நிலை தங்காது.

வெட்டுவதற்காகச் செல்லைப் பதிக்கும் எல்.ஆர். வொயிட் ரெசின் இறுகக் காற்று ஆகாது. ஜெலட்டின் கேப்ஸ்யூலை விளிம்புவரை நிரப்பி மூடி, 50 டிகிரியில் 24 மணி நேரம். எங்களுக்கு நடுவில் கரண்ட் போய், பிளாக் பிசுபிசுத்தது. ஓவனை யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்க.

இதற்கிடையே ஒரு வெட்டி அலைச்சல். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிந்ததும் சென்னையில் மைக்ரோஸ்கோப் இருக்கும் இடத்தில் போய் நின்றால், 'பதப்படுத்திய சாம்பிள், தொற்று பரவாது' என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். முன்பே போனில் கேட்டபோது மூச்சுவிடவில்லை. அன்று ராத்திரியே திரும்ப ரயில்.

வெட்டிய துண்டைத் தாங்கும் கிரிட் (சின்ன வலைத்தகடு) நிக்கலில் வாங்குங்க. செம்பு உப்புக் கரைசலில் அரிக்கும். ஆனால் நிக்கல் சாதாரண இடுக்கியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், காந்தம் ஏறாத இடுக்கி வேண்டும். சாயமேற்றும் யுரேனைல் அசிட்டேட்டுக்கு முன் பாஸ்பேட் போகத் தண்ணீரில் நன்றாக அலசாவிட்டால் கரும்பொடி படியும், அதைத் தங்கம் என்று எண்ணிக் குஷிப்படுவீங்க. ஹீமோசோயின் துணுக்கும் அப்படியே ஏய்க்கும். பெரிதாக்கிப் பாருங்க: தங்கம் உருண்டை, எல்லாம் ஒரே அளவு, ஹீமோசோயின் செங்கல் மாதிரி முனையோடு இருக்கும், வெட்டும்போது கழன்று ஓட்டையும் விழும்.

புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி, அதைப் பிடித்துத் தங்கத்தைத் தாங்கும் இரண்டாவது என இரண்டு ஆன்டிபாடியின் நீளம் இருப்பதால் பொட்டு 20 நானோமீட்டர்வரை தள்ளி விழலாம். இரண்டாம் முறை, நாங்கள் தேடிய ஏ.எம்.ஏ.1 புரதத்தின் பொட்டுகள் மைக்ரோநீமிலும் (ஒட்டுண்ணியின் நுனியிலுள்ள குட்டிப் பை) அதை ஒட்டியும் விழுந்தன. முதல் ஆன்டிபாடி போடாத கிரிட்டிலும் ஒட்டுண்ணி ஏறாத சிவப்பணுவிலும் பொட்டே இல்லை, அதனால் விழுந்தது நிஜம்தான். அந்த இரண்டு படத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏறினோம்.