கோணல் சுவரில் ஸ்கர்ட்டிங் பலகை

எங்கள் வீடு லண்டன் வால்தம்ஸ்டோவில், முதல் உலகப் போருக்கு முன் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, கீழே மரத்தளம். முன்னறையில் சுவரடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை பாதி உளுத்தும் பாதி காணாமலும் கிடந்தது. வேலைக்கு ஆள் கேட்டதில் சொன்ன கூலி தலையைச் சுற்ற வைத்தது. நானே இறங்கிவிட்டேன்.

பழைய பலகையைப் பெயர்த்த பிறகுதான் அந்தக் காலத்து வேலைமுறை புரிந்தது. செங்கல் இடுக்குகளில் மரக்கட்டைகளை இறுக்கி, அவற்றில் பலகையை ஆணி அடித்திருக்கிறார்கள். சுவர்ப்பூச்சு தரைவரை வருவதில்லை. பலகையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. புதுப்பலகையைச் சும்மா சாத்தினால் மேற்பகுதி பூச்சில் முட்டும், அடி பள்ளத்துக்குள் போய்ச் சாயும். அடிப்பக்கம் பிளைவுட் துண்டுகளை முட்டுக் கொடுத்தால்தான் நிமிர்ந்து நிற்கும். இதைச் சரிசெய்யாமல் மூலை வெட்டப் போனால் ஒரு மூலையும் சேராது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே இல்லை. நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் சுரண்டினேன்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. ஆனால் வெளிச்சுவரில் ஈரக்கசிவு உண்டு, எம்டிஎஃப்புக்கு ஈரம் ஆகாது. அதனால் ஏழு அங்குல உயரப் பைன் பலகை. ஹீட்டர் ஓடும் அறையில் மரம் சுருங்கும். எனவே சில நாள் அங்கேயே கிடத்தி வைத்து, பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்தேன்.

நீளச் சுவரில் மட்டக்கோலை வைத்தால் கதவோரம் ஒரு குழி, நடுவில் ஒரு புடைப்பு. குழி பெரிய விஷயமில்லை. பின்னால் துண்டு வைக்கலாம், கொஞ்சம் ஸ்க்ரூவால் இழுக்கலாம். புடைப்புதான் வம்பு. பலகை அதன்மேல் சீசா மாதிரி ஆடும். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பும். பலகையை வைத்து மேல்விளிம்பு ஓரமாகப் பென்சில் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே மட்டும் உளியால் பூச்சைக் கொத்தினேன். பலகையை இழைப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். கொத்திய இடம் எப்படியும் பலகைக்குப் பின்னால் போய்விடும்.

தரையும் சன்னல் பக்கம் சரிவு. ரசமட்டம் சொல்கிறபடி வைத்தால் ஒரு முனையில் பலகைக்கடியில் சந்து தெரிகிறது. அதை அடைக்க மறுமுனையை இழைத்தால் பலகையின் உயரமே முனைக்கு முனை மாறி, பார்க்கிறவர்களுக்கு அதுதான் உறுத்தும். பழைய வீட்டில் ரசமட்டத்துக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. தரையின் பொதுவான சாய்வோடே பலகையை விட்டேன். இடையிடையே இருந்த மேடுகளுக்கு மட்டும், ஒரு மெல்லிய கட்டைமேல் பென்சிலைப் படுக்க வைத்துத் தரையோடு நகர்த்திக் கோடு வாங்கி, அடிப்பக்கத்தை இழைத்தேன்.

உள்மூலைகளில் 45 டிகிரி வெட்டு வேண்டவே வேண்டாம். இந்த வீட்டில் எந்த மூலையும் 90 இல்லை. தப்பித் தவறிச் சேர்ந்தாலும் மரம் சுருங்கும்போது வாய் பிளக்கும். முதல் பலகையைச் சுவர் முட்டும்வரை நேராக வெட்டிப் பொருத்த வேண்டும். இரண்டாவதை முதலில் 45-இல் சீவினால் பலகையின் வளைவுக்கோடு விளிம்பில் துலக்கமாகத் தெரியும். அந்தக் கோட்டிலேயே கோப்பிங் ரம்பத்தை (வளைவாக அறுக்கும் மெல்லிய ரம்பம்) ஓட்டி, பின்பக்கம் சற்று உள்வாங்க வெட்டினால் முதல் பலகைமேல் கச்சிதமாக உட்காரும். கணப்படுப்பு நீட்டிக்கொண்டிருக்கும் வெளிமூலைகளுக்கு வேறு வழியில்லை, சாய்வெட்டுதான். இரண்டு பக்கமும் பலகைத் துண்டை வைத்து, அதன் வெளிவிளிம்பைத் தரையில் கோடாக நீட்டி, கோடுகள் வெட்டும் புள்ளியைச் சுவர்மூலையோடு இணைத்தால் வெட்டவேண்டிய கோணம் கிடைக்கிறது. கோணமானிக்கு வேலையே இல்லை.

வெறும் பசையை நம்பவில்லை. பொடி உதிர்கிற சுண்ணாம்பில் அது பிடிக்காது. சுவருக்குள் வயரும் குழாயும் ஓடுகிறதா என்று டிடெக்டரால் பார்த்துவிட்டு, செங்கல்லின் நடுவில் துளைபோட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக்கைத் துளைக்குள் வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். இடுக்குச் சாந்தில் துளைத்தால் பிளக் சும்மா சுழலும். டிரில்லில் தட்டித் துளைக்கும் ஹேமர் வசதியை அணைத்துவிட்டே துளைக்க வேண்டும், இந்தச் செங்கல் அவ்வளவு மென்மை.

மேல்விளிம்பில் மிஞ்சிய சந்துக்குக் கால்க் என்ற அடைப்புப் பசை. இரண்டு மூன்று மி.மீ. வரைதான் அதன் வேலை. அதற்குமேல் போனால் குளிர்காலத்தில் வெடிக்கும், அப்படிப் பெரிய சந்து இருந்த இடங்களில் சுவர்ப்பூச்சையே இழுத்துவிட்டேன். அடுத்து நடைவழி; அங்கே ஈரமில்லை, எம்டிஎஃப் போதும் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.